எட்டாம் வகுப்பு சமூக அறிவியல்: பருவத்துக்கு ஒரு செயல்பாடுதான் முடியும் என்றால் எதைச் செய்வது?

"அக்கா, எட்டாவதுக்கு இந்த டெர்ம்ல உருப்படியா ஒண்ணு செய்யணும்னு இருக்கு. மியூசியம் கூட்டிட்டுப் போகட்டுமா, மாதிரிச் சட்டமன்றம் வைக்கட்டுமா, இல்ல ஸ்மார்ட் போர்டுல வீடியோ போட்டுப் பேசினா போதுமா?"

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த இளம் ஆசிரியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இப்படிக் கேட்டார். டிபன் பாக்ஸைக் கழுவி வைப்பதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. பெரம்பூர், வியாசர்பாடி வட்டாரத்தில் பதினேழு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். அவர் கேட்ட மூன்றையும் செய்திருக்கிறேன்; கேட்காத இரண்டையும் செய்திருக்கிறேன். எதற்கு எவ்வளவு உழைப்பு போகிறது, அதற்கு ஈடாகப் பிள்ளைகளிடம் என்ன தங்குகிறது என்று எழுதித் தருவதாகச் சொன்னேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும்.

நம் கையிருப்பை முதலில் பார்த்துவிடலாம். வாரத்துக்கு ஐந்து பீரியட். வகுப்பில் 43 பிள்ளைகள். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே ஆசிரியர் தலையில். அக்டோபர் பிறந்தால் மழை விடுமுறை, ஜனவரியில் ஆண்டு விழா ஒத்திகை, நடுநடுவே தேர்வு. இதற்குள் பருவத்துக்கு ஒரு பெரிய செயல்பாடுதான் ஒழுங்காக நடக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்த வருடங்களில் எதுவும் முழுசாக நடக்கவில்லை. ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? முன்பெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடித்ததா என்று பார்ப்பேன். அந்த அளவுகோல் உதவவில்லை, ஏனென்றால் வகுப்பறையை விட்டு வெளியே போகிற எதுவும் அவர்களுக்குப் பிடிக்கும். இப்போது வேறொன்றைப் பார்க்கிறேன். பாடம் முடியும்போது, எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்களா? கொண்டுவந்திருந்தால் அந்தப் பாடம் அவர்களுடையது ஆகிவிட்டது. இல்லையென்றால் நான் சொன்னதையே வேறு வண்ணத்தில் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். கீழே வரும் ஐந்தையும் இந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

வீடியோ

உழைப்பு மிகக் குறைவு. பாடநூலிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இருக்கின்றன. மின்சாரமும் இணையமும் ஒத்துழைத்தால் ஒரே பீரியடில் முடிந்துவிடும்.

கண்ணால் நேரில் பார்க்க முடியாத விஷயங்களுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. நாடெங்கும் ஜூனில் மழை பெய்யும்போது சென்னை மட்டும் ஏன் அக்டோபர் வரை காத்திருக்கிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ வருடம் விளக்கியிருக்கிறேன். காற்று திசை மாறுவதை நகரும் படமாகப் பார்த்த அன்றுதான் பின் பெஞ்சிலிருந்து "ஓ, அதான் தீபாவளிக்கு மழை வருதா" என்ற குரல் கேட்டது.

வரலாற்றுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. 1806 வேலூர்ப் புரட்சியைப் படமாகக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டேன். புத்தகத்தில் இருந்த வாக்கியங்களே பதிலாக வந்தன. புதிய தலைப்பாகையில் தோல் பட்டை இருந்ததும் சாதிக்குறியை அழிக்கச் சொன்னதும் சிப்பாய்களை ஏன் அவ்வளவு புண்படுத்தின என்று ஒருவரும் யோசிக்கவில்லை. படம் அவர்களுக்காக யோசித்துவிட்டது. பிறகு ஒன்று செய்தேன். ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, "என்ன நடக்குதுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். வகுப்பு விழித்துக்கொண்டது. வீடியோதான் உங்கள் தேர்வு என்றால் இந்த முறையில் செய்யுங்கள்.

என் அளவுகோலில் இதற்குக் கீழ் இடம்தான். எனக்குத் தெரியாத எதையும் இதிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்ததில்லை.

எழும்பூர், கோட்டை

எச்.எம்.முக்கும் பெற்றோருக்கும் மிகவும் பிடித்தது இதுதான். போட்டோ நன்றாக வரும். ஆனால் அனுமதிக் கடிதம், பெற்றோர் சம்மதம், வேன் வாடகை, துணைக்கு வரும் ஆசிரியர்கள், அவர்களின் வகுப்புகளை யார் பார்ப்பது என்ற பேச்சு என்று ஒரு மாதம் இதிலேயே போய்விடும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கு வேன் பேசிவிட்டுத் திரும்ப மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் தடவை எழும்பூர் போனபோது நான் செய்த தவறு பெரியது. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம், எத்தனை கட்டடம், எத்தனை கூடம்! அத்தனையையும் காட்டிவிட வேண்டும் என்று இரண்டரை மணி நேரம் பிள்ளைகளை வரிசையில் ஓட்டினேன். மறுநாள் எழுதச் சொன்னால் எல்லோர் நோட்டிலும் திமிங்கில எலும்புக்கூடும் வெளியே சாப்பிட்ட குச்சி ஐஸும் இருந்தன. சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. பிள்ளைகள் மீது தப்பில்லை. கோயில் திருவிழாக் கூட்டத்தில் சாமியைப் பார்ப்பது போலப் பார்க்க வைத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டது என் தப்பு.

அடுத்த தடவை ஒரே ஒரு கூடத்துக்குப் போனோம். அமராவதிச் சிற்பங்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் ஒரு சிற்பத்தின் ஒரு மூலையை மட்டும் நோட்டில் வரைய வேண்டும். வரைந்துகொண்டிருக்கும்போதே, ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் கற்கள் இவை, 1845-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி சென்னைக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி பிறகு லண்டனுக்குக் கப்பல் ஏறி இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப ஒரே கோயில் மூணு ஊர்ல இருக்கா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கம்பெனி ஆட்சி என்றால் என்ன என்று நான் பத்து நாள் நடத்தியதை அந்தக் கேள்வி ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டது. கற்கள் திரும்பி வர வேண்டுமா என்ற விவாதம் வேன் பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை ஓயவில்லை.

எட்டாம் வகுப்பின் முதல் பாடம் ஐரோப்பியர்களின் வருகை என்பதால், எழும்பூரைவிடக் கோட்டை பொருத்தமானது என்று நினைக்கிறேன். 1639-இல் இடம் வாங்கிய கம்பெனி கட்டியது, அதற்குள் 1680-இல் எழுந்த தூய மேரி தேவாலயம், 1753-இல் ராபர்ட் கிளைவ் திருமணம் செய்துகொண்ட இடம். இன்றைக்கு நம் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்குவதும் அதே மதிலுக்குள்தான். அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த அமைதியை எந்த வீடியோவும் தராது.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்ததும், அதே ஆண்டு அடையாற்றின் கரையில் ஆற்காடு நவாபின் பெரிய படையை அவர்களுடைய சிறிய படை தோற்கடித்ததும் புத்தகத்தில் அடையாறு போர் என்று வருகிறது. "நம்ம அடையாறா?" என்று பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். பாடநூலில் வரும் ஊர் பஸ் போர்டில் எழுதியிருக்கிற ஊர் என்று தெரிவதே அவர்களுக்குப் பெரிய செய்தி.

வேன் இல்லாமலும் இதைச் செய்யலாம். ராயபுரத்தில் இருக்கும் பள்ளிக்கு 1856-இல் திறந்த ரயில் நிலையம் நடக்கிற தூரம். பாரிமுனைப் பள்ளிக்கு உயர் நீதிமன்ற மதிலில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதன் நினைவுக் கல் இருக்கிறது. பல்லாவரத்தில் இருப்பவர்களுக்கு நான் பொறாமையோடு சொல்வேன்: 1863 மே 30 அன்று ராபர்ட் புருஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியை எடுத்த மண் உங்கள் காலடியில் இருக்கிறது, வேறெங்கும் போகாதீர்கள். ஒரு பொருள், ஒரு மணி நேரம், நடந்து போய் நடந்து வருவது. இந்த அளவில் செய்தால் இது நல்ல தேர்வு.

தரையில் வரையும் வரைபடம்

பத்தாம் வகுப்பும் எடுக்கிற ஆசிரியர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பொதுத்தேர்வில் வரைபடக் கேள்வி வருகிறது. சுமாராகப் படிக்கிற பிள்ளைகள் அதை மனப்பாடப் புள்ளிகளாகவே கற்றுக்கொண்டு போகிறார்கள். வரைபடம் என்பது தான் நிற்கும் இடத்தின் படம் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை.

செலவு இரண்டு டப்பா கலர் சாக்பீஸ், ஒரு கயிறு. கயிறு எதற்கு என்றால், 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். 100 அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் வைத்து அளக்க 57 நாள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் வைத்து, கூடாரத்தின் நிழலில், பக்கத்திலேயே வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைக்கு அந்தக் கோடுதான் அடிப்படை. எவரெஸ்டின் உயரமும் அந்த அளவையின் தொடர்ச்சியாகவே கணக்கிடப்பட்டது. பெரும்பாக்கம் என்றதும் என் வகுப்பில் ஐந்தாறு கை உயர்ந்தது. "எங்க சித்தி வீடு அங்கதான் மிஸ், ஹவுசிங் போர்டு."

மைதானத்தின் நீளத்தை 100 அடிக் கயிற்றால் நான்கு குழுக்கள் தனித்தனியே அளக்க வேண்டும். நான்கு விடை வரும். யார் சரி என்று சண்டையும் வரும். கயிறு தொய்ந்ததா, முடிச்சு நகர்ந்ததா, நேராகப் போனார்களா என்று தேட ஆரம்பித்தால் அளவை என்றால் என்ன என்பது புரிந்துவிடும். பிறகு அதே மைதானத்தில் எங்கள் பகுதியை வரைந்தோம். ரயில் பாதைகள், ஓட்டேரி நல்லா, அது போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாய், கணேசபுரம் சுரங்கப்பாதை, பள்ளி. ஒவ்வொருவரும் தன் வீட்டு இடத்தில் போய் நிற்க வேண்டும்.

நின்றபிறகு ஒரே கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் எவ்வளவு? கணுக்காலுக்கு மஞ்சள், முழங்காலுக்குப் பச்சை, இடுப்புக்கு நீலம், அதற்கு மேல் சிவப்பு. பத்து நிமிடத்தில் தரை முழுக்க நிறமானது. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. ஏன்? புத்தகத்தில் நீரியல் சுழற்சி, இடர்கள் என்று இரண்டு பாடம் இருக்கிறது. இரண்டும் அன்று மைதானத்தில் நடந்தன. கால்வாய்க்கரையில் வீடு இருக்கும் ஒரு மாணவி சொன்னாள்: "எங்க பக்கம் மழைத் தண்ணி மேல இருந்து வரல மிஸ், கால்வாய்லேர்ந்து திரும்பி வந்துச்சு. எங்க ஆயா சொன்னாங்க, கடல் தண்ணிய வாங்கலன்னு."

கடல் வாங்கவில்லை என்ற அந்த ஒரு சொல்லில் புயல் நேரத்து அலை ஏற்றமும், முகத்துவாரம் அடைபட்டு வெள்ளம் வடியாமல் தேங்குவதும் அடங்கியிருந்தன. நான் அந்தத் தெருவில் குடியிருந்ததில்லை. எனக்கு அது தெரியாது.

குறை என்றால், வெயில். காலை முதல் இரண்டு பீரியட் கிடைத்தால்தான் நடக்கும். பி.டி. ஆசிரியரோடு நல்லுறவு வேண்டும். மழைக்காலத்தில் வரைந்தது அழிந்துவிடும், ஆகவே ஒரு பிள்ளையை மாடியிலிருந்து படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாதிரிச் சட்டமன்றம்

மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது என்ற பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கலந்த அனுபவம். முதல் வருடம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்ததைச் செய்தார்கள்: மேசையைத் தட்டினார்கள், கத்தினார்கள், ஐந்தாவது நிமிடத்தில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. 43 பேரில் எட்டுப் பேர் பேசினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். முழு அவை வேண்டாம், கேள்வி நேரம் மட்டும். தலைப்பை நான் கொடுக்காமல் அவர்களையே கேட்டேன். அந்த வருடம் வந்த தலைப்பு: "காலை உணவுத் திட்டம் அஞ்சாவதோட நிக்குது. ஆறாவது, ஏழாவது, எட்டாவதுக்கு ஏன் இல்ல?" அதற்குப் பிறகு நான் எதையும் தூண்டிவிட வேண்டியிருக்கவில்லை. நிதியமைச்சர் குழு பள்ளியில் எத்தனை பேர், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ரவை, எவ்வளவு எண்ணெய், சமைக்கிற அம்மாக்களுக்கு என்ன சம்பளம் என்று கணக்குப் போட்டது. எதிர்க்கட்சிக் குழு காலையில் சாப்பிடாமல் வருகிறவர்களைப் பெயர் எழுதாமல் சீட்டு மூலம் எண்ணியது. இன்னொரு குழுவுக்கு வரலாறு: 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி தொடங்கியது, காமராசர் காலத்தில் மதிய உணவாக மாநிலம் முழுக்கப் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. நூறு வருடத்துக் கதை. தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிக்கும் பின்னால் எங்கோ ஓர் அவையில் யாரோ கேட்ட கேள்வி இருந்திருக்கிறது என்று அவர்களுக்குப் பட்டது.

நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் இந்தச் செயல்பாடு ஆசிரியரைப் பிழிந்துவிடும். குழு வேலைக்கு மட்டும் எட்டு பீரியட் ஆயிற்று. முப்பதுக்குள் இருக்கும் வகுப்புக்கு, பேச வெட்கப்படாத பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குத் தாராளமாகச் சொல்வேன்.

சார்ட், மாதிரிகள், வினாடி வினா இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஸ்டேஷனரி கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய சார்ட் அம்மாவின் பணத்தையும் தூக்கத்தையும்தான் எடுத்துக்கொள்கிறது. வினாடி வினா ஏற்கெனவே தெரிந்தவருக்கு இன்னும் ஒரு கைதட்டல் வாங்கித் தருகிறது.

வீட்டில் கேட்டு வருவது

என் தேர்வு இதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புப் புவியியலில் இடம்பெயர்தல் மற்றும் நகரமயமாதல் என்று ஒரு பாடம். உந்து காரணி, ஈர்ப்புக் காரணி என்று இரண்டு பட்டியல். பிள்ளைகள் அதைப் படித்து எழுதி மறந்துவிடுவார்கள். ஆனால் வடசென்னையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அந்தப் பட்டியல் உயிரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டிலோ தெருவிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் ஐந்து கேள்வி. எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தீர்கள்? வரும்போது கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? முதல் ராத்திரி எங்கே தூங்கினீர்கள்? முதல் வேலை என்ன, முதல் கூலி எவ்வளவு? அன்று இங்கே இருந்து இன்று இல்லாதது எது? கேள்விகளைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் கடைசியில் இந்த ஐந்துக்கு வந்து நின்றேன். "ஏன் வந்தீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டால் "பொழைப்புக்குத்தான்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கையில் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். தகரப் பெட்டி, ஒரு மூட்டை கேழ்வரகு, அம்மி, கைக்குழந்தை.

முதல் வருடம் வந்தவற்றைச் சொல்கிறேன். ஒரு பையனின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் கப்பலேறிய கதை. பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார் ஏன் இருக்கிறது, அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸ் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் பாதிப் பேர் அன்றுதான் யோசித்தார்கள். அத்தோ எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். அது ஓர் இடம்பெயர்தலின் தடயம் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இன்னொரு மாணவியின் தாத்தா ஐ.சி.எஃப்.பில் வேலை. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை எத்தனை ஊர்க்காரர்களை இங்கே இழுத்தது என்பது ஈர்ப்புக் காரணிக்கு ஒரு முழுப் பாடம்.

பின்னி மில், அதாவது பக்கிங்காம் கர்நாடிக் மில் பற்றி ஏழு வீட்டிலிருந்து வந்தது. 1918 ஏப்ரலில் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. 1996-இல் மில் மூடப்பட்டது. இவ்வளவும் நான் வகுப்பில் சொல்லியிருப்பேன். ஆனால் மில் சங்கு ஊதினால்தான் தெருவில் அடுப்பு மூட்டுவார்கள், மில் மூடிய மறுநாள் சங்கு ஊதாததால் தன் மாமியார் நேரம் தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு பாட்டி சொன்னதை நான் எங்கிருந்து கற்றிருப்பேன்?

இதில் கவனமாக இருக்க வேண்டியவை உண்டு. ஊரைவிட்டு வந்த காரணம் சில வீடுகளில் காயமாக இருக்கும். கால்வாய்க்கரையிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களின் பிள்ளைகளும் உறவினர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஆகவே மூன்று விதி வைத்திருக்கிறேன். சாதி கேட்கக் கூடாது. சொல்ல விரும்பாததை வற்புறுத்தக் கூடாது. வகுப்பில் வாசிப்பது கட்டாயமில்லை, எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு மாணவி மூடிய உறையில் கொடுத்து, "நீங்க மட்டும் படிங்க மிஸ்" என்றாள். படித்துவிட்டு உறையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். மதிப்பெண் பதிவேட்டில் மற்றவர்களுக்குப் போட்டதையே அவளுக்கும் போட்டேன்.

வீட்டில் பெரியவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு டீக்கடைக்காரர், வாட்ச்மேன், சத்துணவு ஆயாம்மா. எங்கள் பள்ளி ஆயாம்மாவை மூன்று பேர் போட்டி போட்டுக் கேட்டார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன்னை யாரோ பாடத்துக்காகக் கேட்கிறார்கள் என்று அவர் அன்று பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார்.

செலவு இல்லை. அனுமதிக் கடிதம் வேண்டாம். மழை விடுமுறையிலும் நடக்கும், உண்மையில் மழை விடுமுறையில்தான் நன்றாக நடக்கும், ஏனென்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். வகுப்பில் எடுத்துக்கொள்ளும் நேரம் நான்கு பீரியட்: கேள்வி கேட்கப் பழக ஒன்று, வாசிக்க இரண்டு, வந்த ஊர்களைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் நூல் கட்டிக் காட்ட ஒன்று. வளரறி மதிப்பீட்டுக்கும் இதையே காட்டலாம். சரியாக எழுதத் தெரியாத பிள்ளைகள் இதில் முன்னுக்கு வருவதைப் பல வருடம் பார்த்துவிட்டேன். அவர்கள் காது நன்றாக இருக்கும்.

தேர்வு வாக்கியங்கள் இதில் தாமாக வராது என்பது உண்மைதான். கடைசியில் ஒரு பீரியட் உட்கார்ந்து, "உங்க தாத்தா கதையில உந்து காரணி எது?" என்று கோடிட்டுக் காட்ட வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட வருடம் கதைகள் நன்றாக இருந்தன, மதிப்பெண் நன்றாக இல்லை.

இளம் ஆசிரியைக்கு நான் எழுதிக் கொடுத்த முடிவு இப்படி இருந்தது: முதல் பருவத்துக்கு வீட்டில் கேட்டு வருவது. உங்கள் பிரிவில் 44 பேர் என்பதால் சட்டமன்றத்தை இந்த வருடம் எடுக்காதீர்கள். மழைக்கு முன் இரண்டு காலைப் பீரியட் கிடைத்தால் தரை வரைபடம். வேன் பணம் சேர்ந்தால் ஜனவரிக்குப் பிறகு கோட்டை, அதிலும் கொடியும் தேவாலயமும் மட்டும். பருவக்காற்றுக்கு மட்டும் வீடியோ.

அவர் அப்படியே தொடங்கினார். போன வாரம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் மேசையில் ஒரு பித்தளை வில்லையை வைத்தார். நடுவில் ஓட்டை, ஒரு நான்கிலக்க எண், அதற்கு மேல் தேய்ந்துபோன இரண்டு எழுத்து. எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பையன் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். மில்லுக்குள் போகும்போது மாட்டிவிட்டு வரும்போது எடுப்பார்களாம், அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

"அந்த ரெண்டு எழுத்து என்னன்னு தெரியுதா அக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. தாத்தா புதன்கிழமை மூன்றாவது பீரியடுக்கு வருகிறார்.